பத்து வயதுப் பையனுக்குச் சம்பளக் கோச் தேவையா?

ஆகஸ்ட் டிரையவுட் (டீமுக்கு ஆள் எடுக்கும் தேர்வு) நெருங்குகிறது. டாலஸ் பக்கம் பையனை டிராவல் பேஸ்பாலில் (ஊர் ஊராகப் போய் டோர்னமென்ட் ஆடும் கிளப் டீம்களில்) சேர்க்க நினைக்கும் நம் ஆட்கள் பலரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். "நாம கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவங்க, நமக்கு இந்த ஆட்டம் தெரியாது. அப்பாக்கள் நடத்துற டீம் வேண்டாம். காசு போனாலும் பரவாயில்ல, சம்பளக் கோச் இருக்கிற கிளப்பிலேயே சேர்த்துடலாம்."

12 வயது வரைக்கும் அது தேவையே இல்லை என்பேன்.

அப்பா கோச் என்றதும் வரும் பயம் நியாயமானதுதான். கோச்சின் மகன் எப்போதும் பந்து அதிகம் வரும் ஷார்ட்ஸ்டாப்பில் நிற்பான், நம் பிள்ளைக்குப் பந்து அபூர்வமாக வரும் ரைட் ஃபீல்டுதான். இங்கே இதற்கு 'டாடி பால்' என்றே பெயர். ஆனால் அதை இரண்டு ஆட்டம் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். பிடிக்கவில்லையா, சேர்க்காமல் விட்டுவிடலாம்.

சம்பளக் கோச்சிடம் இருக்கும் சிக்கல் அவ்வளவு சீக்கிரம் கண்ணில் படாது. அடுத்த வருஷம் ஆள் சேர வேண்டுமென்றால் கிளப்புக்குக் கோப்பை வேண்டும். போன வசந்தத்தில் ஒரு டோர்னமென்ட். சனிக்கிழமை காலை நான்கு இன்னிங்ஸ் வீசிய ஒல்லிப் பையன், மதியம் கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி, பந்தைப் பிடித்துத் திருப்பி எறிபவர்) கவசத்தோடு குந்தியிருந்தான். ஞாயிறு மாலை மறுபடியும் மவுண்டில் (பந்து வீசும் மேட்டில்). ஒவ்வொரு பந்துக்கும் பிறகு வலது தோளை உருட்டிக்கொண்டே இருந்தான். கோச் பக்கெட் மேல் உட்கார்ந்து அடுத்த பந்துக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். பார்க்கவே வயிறு எரிந்தது.

தொழில்முறை லீக்கான எம்எல்பியும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து, பந்து வீசும் பிள்ளைகளின் கையைக் காக்க 2014-ல் கொண்டுவந்த பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. 9, 10 வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 75 பந்து. 20-ஐத் தாண்டினாலே மறுநாள் வீசக் கூடாது. 66-ஐத் தொட்டால் 4 நாள் ஓய்வு. வீசாத நேரத்தில் கேட்சராக இறங்குவதையும் தவிர்க்கச் சொல்கிறது. வருஷத்தில் 4 மாதம் பந்து வீச்சுக்கே விடுமுறை.

இதைக் கடைப்பிடிக்கக் கல்லூரி அணியில் ஆடிய அனுபவம் எதற்கு? எங்கள் டீமில் ஒரு அம்மா கையில் பந்தை எண்ணும் க்ளிக்கரோடு டகவுட் ஓரமாக நிற்பார். 50-ஐத் தொட்டதும் குரல் கொடுப்பார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் எங்கள் கோச், ஸ்கோர் என்னவாக இருந்தாலும் மறுபேச்சில்லாமல் பையனை மாற்றிவிடுவார். ஓவர் எண்ணி வளர்ந்த நமக்குப் பந்து எண்ணவா தெரியாது?

13, 14 வயதில் கதை வேறு. பெரியவர்களின் மைதானம், 60 அடி 6 அங்குலத் தூரத்தில் மவுண்ட், புதுப்புது வகைப் பந்துகள். அப்போது விஷயம் தெரிந்த கோச் கட்டாயம் வேண்டும். கிளப்புக்குக் கொட்டும் ஆயிரக்கணக்கான டாலரை அதுவரை எடுத்து வையுங்கள்.

டிரையவுட்டுக்குப் போனால் ஃபீஸ் கேட்பதற்கு முன்னால், போன வார டோர்னமென்ட்டில் எந்தப் பையன் எத்தனை பந்து வீசினான் என்று கேளுங்கள். அப்பா கோச்சோ சம்பளக் கோச்சோ, நோட்டையோ ஃபோனையோ எடுத்துக் காட்டினால் மேற்கொண்டு பேசலாம். மழுப்பினால், நன்றி சொல்லிவிட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.