ஏ-டிரெயின் மாக்சிஸ் உருவாக்கியது அல்ல

"ஏ-டிரெயின் மாக்சிஸ் உருவாக்கியது, சிம்சிட்டியில் ரயிலைச் சேர்த்தால் அதுதான்" என்று ஏ-டிரெயின் என்ற கணினி விளையாட்டைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். மாக்சிஸ் என்பது சிம்சிட்டி என்ற நகரம் கட்டும் விளையாட்டை உருவாக்கிய நிறுவனம். ஆனால் அவர் சொல்வது சரியில்லை. ஏ-டிரெயினை உருவாக்கியது ஜப்பானின் ஆர்ட்டிங்க் நிறுவனம். முதல் ஏ-டிரெயின் அங்கே 1985-லேயே வந்துவிட்டது. சிம்சிட்டி வந்தது 1989-ல். மூன்றாம் பாகத்தை 1992-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டது மட்டும்தான் மாக்சிஸ். விளையாட்டின் பெட்டியில் அந்தப் பெயர் இருந்ததால் வந்த குழப்பம் போல.

ஆட்டமும் வேறு மாதிரி. சிம்சிட்டியில் குடியிருப்பு, தொழில் என்று நிலத்தைப் பிரித்துக் கொடுப்போம். ஏ-டிரெயினில் நாம் மேயர் இல்லை, ரயில் கம்பெனி முதலாளி. சரக்கு ரயிலில் கட்டுமானப் பொருளைக் கொண்டுபோய் இறக்கினால், அதை எடுத்து ஊர் தானாகவே வீடு கட்டிக்கொள்ளும். பொருள் வராத நிலையத்தைச் சுற்றி ஒன்றும் முளைக்காது. அப்புறம் பயணிகள் ரயிலை விட்டுப் புண்ணியமில்லை, காலியாகத்தான் ஓடும்.