போனில் வைத்த கைரேகையை எடுத்து ஆதார் பணத்தைத் திருட முடியுமா?

“போனைத் திறக்கக் கைரேகை வைத்திருந்தால் உடனே நீக்குங்கள், அந்தப் படத்தைத் திருடி ஆதார் வழியாகப் பணம் எடுக்கிறார்கள்.” பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

போன் ரேகையைப் படமாக வைத்துக்கொள்வதில்லை. விரல் பதிந்ததும் அதைக் கணக்கு வடிவமாக மாற்றி, சிப்பில் தனியாகப் பூட்டிய ஒரு பகுதியில் வைக்கிறது. ஐபோனில் 2013-இல் வந்த 5எஸ் முதலே இப்படித்தான். வங்கிச் செயலி விரலைக் கேட்டால்கூட அதற்குக் கிடைப்பது ‘பொருந்தியது’, ‘பொருந்தவில்லை’ என்ற பதில் மட்டுமே. ஆதார் வழியாக விரல் வைத்துப் பணம் எடுக்கவோ அதற்கெனப் பதிவுசெய்த ஸ்கேனர் வேண்டும். போன் சென்சார் அங்கே செல்லாது.

சரி, புரளி எங்கிருந்து முளைத்திருக்கும்? 2023-இல் பெங்களூரில், பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளை நகலெடுத்துப் பணம் எடுத்ததாகப் புகார்கள் வந்தன. கசிந்தது காகிதத்திலிருந்து, பழி விழுந்தது போன் மேல்! அந்தப் பயம் இருப்பவர்கள் ஆதார் இணையதளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

உண்மையில் பலவீனமானது வேறு. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் முகத்தைப் பார்ப்பது சாதாரண செல்ஃபி கேமராதான். சிலவற்றை ஒரு போட்டோவைக் காட்டியே ஏமாற்றிவிடலாம். அப்புறம் போனைத் திறக்கும் ரகசிய எண். போனை அணைத்துப் போட்டாலோ, விரல் பலமுறை பொருந்தாவிட்டாலோ அதைத்தான் கேட்கும். அங்கே 1234 அல்லது பிறந்த வருடத்தை வைத்திருப்பவர்கள், கைரேகையை விட்டுவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.