பேனாவும் வாளும் ஊட்டி மழையும்

போன வாரம் கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு வழக்கமானதுதான்: 'வாளைவிடப் பேனா வலிமையானது'. பதினோரு பிள்ளைகள், பதினோரு முறை அதே வாள். இந்த மலையில் யார் வீட்டில் வாள் இருக்கிறது? இருப்பதெல்லாம் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து கத்தி. மேடையில் தலைவர்களுக்கு வீரவாள் கொடுக்கும்போது பார்த்தால்தான் உண்டு.

எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் பழைய கோபம். எட்வர்ட் புல்வர் லிட்டன் என்ற ஆங்கிலேயர் 1839இல் எழுதிய நாடகத்தின் வசனம் இது. உண்மையிலேயே பெரிய மனிதர்கள் ஆளும் இடத்தில்தான் பேனா வாளை வெல்லும் என்பது முழு வசனம். அந்த முன்பாதியைக் கழற்றிவிட்டு மிச்சத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்துவிட்டோம்.

கழற்றிய பாதி எவ்வளவு முக்கியம் என்று காட்டியவர் அவருடைய சொந்த மகன். ராபர்ட் லிட்டன், இந்தியாவின் வைஸ்ராய். 1877இல் சென்னை மாகாணமே தாது வருஷப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தபோது ஊட்டிக்கு வந்தார். இங்கே பெய்த மழையையும் சேற்றையும் பார்த்து, அசல் இங்கிலாந்து மழை, இங்கிலாந்துச் சேறு என்று மனைவிக்கு உருகி உருகி எழுதினார். (அதே சேற்றில்தான் நாங்கள் இன்றும் வழுக்கி விழுகிறோம்.) மறு வருஷமே இரண்டு சட்டங்கள். இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்ட ஒன்று. ஆங்கிலப் பத்திரிகைக்கு அது கிடையாது. உரிமம் இல்லாமல் இந்தியர் ஆயுதம் எடுத்து நடக்கக் கூடாதென்று இன்னொன்று. வாளும் அதில் சேர்த்தி. அப்பா எது பெரிதென்று கேட்டார், பிள்ளை இரண்டையும் பிடுங்கிக்கொண்டார்!

நம் பேச்சுமொழியில் கூர்மைக்கு வேறு வேலை. நீட்டி முழக்குகிறவரை ரம்பம், பிளேடு, அறுவை என்போம். கழிகிற ஒவ்வொரு நாளையும் வள்ளுவர் 'உயிர் ஈரும் (அறுக்கும்) வாள்' என்றாரே, அதுவும் ரம்பம்தான் என்பது என் கட்சி. அன்றைய ஏழாவது பேச்சைக் கேட்டிருந்தால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

கடைசியாக ஒரு பையன் வந்தான். "எங்க வீட்ல கத்தியும் இருக்கு, பேனாவும் இருக்கு. கத்தி நல்லாத்தான் ஓடுது. பச்சைத் தேயிலைக் கணக்கு எழுதும்போது பேனாதான் நின்னுடுது" என்றான். அவ்வளவுதான், இறங்கிவிட்டான். மற்ற இரண்டு நடுவர்களும் தலைப்பை விட்டு விலகிவிட்டான் என்றார்கள். நான் முழு மதிப்பெண் போட்டேன். மூன்றாம் பரிசுதான் கிடைத்தது.