டர்ன்டேபிள் வாங்குமுன் டோன்ஆர்மைப் பாருங்கள்

இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் வாங்கப் போகிறேன், மோட்டார் பெல்ட் வழியாகச் சுற்றும் பெல்ட் டிரைவா, நேரடியாகச் சுற்றும் டைரக்ட் டிரைவா என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன், இனிமேல் இந்தப் பதிவைக் காட்டிவிடலாம் என்று விரிவாகவே எழுதுகிறேன். என் பதில் இதுதான்: அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஊசியைப் பிடித்திருக்கும் கை, அதாவது டோன்ஆர்ம், எப்படிப்பட்டது, அந்தக் கைக்கு எந்த கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் சின்னப் பெட்டி) பொருந்தும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மோட்டார் தட்டை எப்படிச் சுற்றுகிறது என்பதெல்லாம் அப்புறம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு பழைய கார்ட்ரிட்ஜ் கிடைத்தது. எடை குறைவு, ஊசி மிக மிருதுவாக ஆடும் ரகம். அதைக் கொண்டுபோய் எஸ் வடிவத்தில் வளைந்த, நல்ல கனமான ஒரு டோன்ஆர்மில் மாட்டினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பாட்டும் முதலில் நன்றாகத்தான் கேட்டது. ஆனால் ஒலியைக் கொஞ்சம் கூட்டினால் அடி ஸ்தாயி கலங்கிவிடும், டபுள் பேஸ் வாத்தியத்தின் ஒரு சுரம் முடிவதற்குள் அடுத்தது அதன்மேல் வந்து விழும். ஆம்ப்ளிஃபையர்தான் கோளாறு என்று அதை மாற்றினேன். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி வைத்துப் பார்த்தேன், கேபிளை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் இரவு, இரண்டு பாடல்களுக்கு நடுவே எதுவும் ஒலிக்காத அந்தச் சில நொடிகளில், அடி ஸ்தாயிக்கான ஸ்பீக்கரான வூஃபரைத் தற்செயலாகப் பார்த்தேன். அது முன்னும் பின்னுமாக மெதுவாக, மூச்சு விடுவதுபோல் அசைந்துகொண்டிருந்தது. காதுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. எழுந்து போய்க் குனிந்து தட்டைப் பார்த்தேன். தட்டு ஓரத்தில் லேசாக வளைந்திருந்தது. அந்த மேட்டில் ஊசி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கார்ட்ரிட்ஜின் அடிப்பாகம் தட்டைத் தொட்டுவிடும் அளவுக்குத் துள்ளியது.

விஷயம் இதுதான். ஊசி பொருந்தியிருக்கும் அந்த மெல்லிய குச்சி, கேன்டிலீவர், ஒரு சின்ன ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது. அது ஒரு ஸ்பிரிங். டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் அந்த ஸ்பிரிங்கின் மேல் ஏற்றிய எடைக்குண்டு. எந்தக் குண்டும் எந்த ஸ்பிரிங்கும் சேர்ந்தால் அதற்கென்று ஒரு ஆடும் வேகம் உண்டு. அந்த வேகத்தில் தட்டிலிருந்து ஒரு தூண்டுதல் வந்தால் கை ஆட ஆரம்பித்துவிடும். 33⅓ வேகத்தில் தட்டு 1.8 நொடிக்கு ஒரு சுற்று போகிறது, தட்டின் வளைவுகள் தரும் அசைவு பெரும்பாலும் 5 ஹெர்ட்ஸுக்குள், அதாவது நொடிக்கு 5 ஆட்டத்துக்குள், அடங்கிவிடும். இசை ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. ஆகவே நம் டோன்ஆர்மின் ஆட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில், 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும்.

கணக்கு எளிது, கால்குலேட்டர் போதும். டோன்ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் (ஆடும்போது ஊசி உணரும் ஆர்மின் கனம்), கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதை கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸ் எண்ணால் (ஊசி எவ்வளவு மிருதுவாக ஆடும் என்பதன் அளவு) பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 159ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவது ஹெர்ட்ஸ். என்னுடையதைப் போட்டுப் பார்த்தேன்: ஆர்ம் 20, கார்ட்ரிட்ஜ் 6, திருகுகள் 1, மொத்தம் 27, கம்ப்ளையன்ஸ் 30. விடை 5.6 ஹெர்ட்ஸ். தட்டின் வளைவு எங்கே தூண்டுமோ சரியாக அதன் பக்கத்தில். இத்தனை மாதம் ஆம்ப்ளிஃபையரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேனே என்று மனசு கனத்துப் போனது. அதே கனத்தில் ஒரு கார்ட்ரிட்ஜ், கம்ப்ளையன்ஸ் 12, ஆர்ம் 11 கிராம் என்று வைத்தால் 10.8 ஹெர்ட்ஸ் வரும். எந்தக் கவலையும் இல்லை.

இதில் ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன், பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஜப்பானிய கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுக்குக் கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து கொடுத்திருப்பார்கள். நமக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸில் உள்ள எண், அது ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கும். டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜுக்கு 5 என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனாலும் அது விறைப்பான ரகம்தான், எடை 8.5 கிராம், ஊசிக்கு 2.5 கிராம் அழுத்தம் கேட்கும். அதற்குக் கனமான ஆர்ம்தான் ஜோடி. கனமான ஆர்ம் என்றாலே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. என்னிடம் இருந்த அந்த ஆர்மில் டிஎல்-103ஐ மாட்டியிருந்தால் எனக்கு இந்தத் தலைவலியே வந்திருக்காது.

எழுபதுகளிலேயே ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் ஒலி அமைப்பில் இசை புறப்படும் மூலம்தான் (நம் விஷயத்தில் டர்ன்டேபிள்) முதல், ஸ்பீக்கர் கடைசி என்று வாதாடியது. அதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வழி வந்தவர்கள் மூலத்துக்குள்ளேயே இன்னொரு வரிசை வைத்திருக்கிறார்கள்: முதலில் டர்ன்டேபிள், அடுத்து ஆர்ம், கடைசியில் கார்ட்ரிட்ஜ். இங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. இன்றைக்கு ஓரளவு நல்ல டர்ன்டேபிள் எதை எடுத்தாலும் வேகம் நிலையாக இருக்கிறது, சத்தமில்லாமல் சுற்றுகிறது. பொருந்தாத ஆர்மும் கார்ட்ரிட்ஜும் போட்டால் எவ்வளவு உயர்ந்த டர்ன்டேபிளும் அதைக் காப்பாற்றாது.

பெல்ட்டா டைரக்ட்டா என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விடமாட்டீர்கள். டைரக்ட் டிரைவ் பக்கம் டெக்னிக்ஸ் 1970இல் எஸ்பி-10ஐக் கொண்டுவந்தது, 1972இல் எஸ்எல்-1200. டிஜேக்கள் அதை எப்படியெல்லாம் படுத்தினார்கள், இன்றும் அந்தப் பழைய எந்திரங்கள் ஓடுகின்றன. பெல்ட் பக்கம் ரேகா, லின், தோரன்ஸ் என்று நீண்ட வரிசையே உண்டு. பெல்ட் காலப்போக்கில் தளரும், மாற்ற வேண்டும். பியானோவின் நீண்ட சுரம் ஒன்றைக் கேட்டாலே தளர்ச்சி தெரிந்துவிடும், சுரம் லேசாக நடுங்கும். இரண்டும் நல்ல வழிதான். உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள்.

ஆர்மை எப்படிப் பார்ப்பது? பழைய ஆர்ம் வாங்குகிறீர்கள் என்றால் ஊசிக்கு உறை போட்டுவிட்டு, கார்ட்ரிட்ஜ் மாட்டும் முனையான ஹெட்ஷெல்லை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சாதாரண கிம்பல் பேரிங் (வளையத்துக்குள் ஆர்மைத் தாங்கும் அச்சு) உள்ள ஆர்மில் மிக நுண்ணிய டக் டக் என்ற தளர்வு விரலுக்குத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். கத்திமுனை மேல் உட்காரும் ஆர்ம்களுக்கும் ஒற்றை முனையில் நிற்கும் யூனிபிவட்டுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது, அவை ஆடத்தான் செய்யும். பிறகு ஊசியழுத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்து ஆர்மைக் காற்றில் மிதக்க விடுங்கள். லேசாக ஊதினால் தடங்கலின்றி நகர வேண்டும், ஓரிடத்தில் தயங்கி நிற்கக் கூடாது.

முதல் ஆர்ம் என்றால் 9 அங்குல நீளம் போதும் என்பது என் தீர்மானமான கருத்து. தட்டில் பள்ளத்தை வெட்டும் எந்திரம் நேர்கோட்டில் நகர்கிறது, நம் ஆர்ம் ஒரு மூலையில் நின்று வில் போன்ற பாதையில் நகர்கிறது. அதனால் ஊசி பள்ளத்துக்குச் சரியாக நேராக இருப்பது இரண்டே இடத்தில்தான். பலர் பயன்படுத்தும் அமைப்பில் அது மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும் வரும். 12 அங்குல ஆர்மில் இந்தப் பிழை குறையும், உண்மைதான். ஆனால் அதன் கனம் கூடும், பொருத்துவதில் கடுகளவு பிசகினாலும் அந்த லாபம் போய்விடும். ஒழுங்காகப் பொருத்திய 9 அங்குலம் அவசரமாக மாட்டிய 12 அங்குலத்தைவிட நன்றாகப் பாடும்.

பொருத்தியது சரியா என்று பார்க்க ஒரு பக்கத்தின் கடைசிப் பாடலைப் போடுங்கள். தட்டின் ஓரத்தில் பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. கடைசிப் பாடல் முடியும் இடத்தில் 21தான். அதே இசை பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. பாடகியின் குரலில் ஸகர ஒலிகள் அங்கே கரகரவென்று தெறித்தால் கார்ட்ரிட்ஜின் கோணத்தை மறுபடி பாருங்கள். கோணம் பார்க்கக் கோடு போட்ட தாளை வைத்து, பூதக்கண்ணாடியும் ஒரு நல்ல விளக்கும் எடுத்துக்கொண்டு, அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தால் போதும். நான் இப்படித் திருத்திய அன்று ஒரே பாடலை நான்கு தடவை கேட்டேன்.

ஊசியழுத்தத்துக்குச் சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள், ஆர்மின் பின்னால் உள்ள எண்களை நம்ப வேண்டாம். குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்ற நம்பிக்கை தப்பு. அழுத்தம் போதாத ஊசி பள்ளத்துக்குள் துள்ளி அதன் சுவரைச் சிதைக்கும். நான் எப்போதும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குள் மேல்பக்கமாகவே வைக்கிறேன். ஆர்மின் உயரத்தைப் பற்றி மட்டும் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். 9 அங்குல ஆர்மில் 4 மில்லிமீட்டர் உயர்த்தினால்தான் ஊசியின் கோணம் ஒரு டிகிரி மாறுகிறது, தடித்த தட்டுக்கும் மெல்லிய தட்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. தட்டுக்குத் தட்டு ஆர்மை ஏற்றி இறக்குபவர்களைப் பார்த்தால், அந்த நேரத்தில் இன்னொரு தட்டைக் கேட்டிருக்கலாமே என்று ஆதங்கமாக இருக்கும்.

என் பழைய கார்ட்ரிட்ஜை இப்போது இலகுவான ஒரு ஆர்மில் மாட்டியிருக்கிறேன். அதே வளைந்த தட்டு, அதே ஸ்பீக்கர், பாடல்களுக்கு நடுவில் வூஃபர் அசையாமல் நிற்கிறது, டபுள் பேஸின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக எழுந்து அடங்குகிறது. இனி எனக்கு எழுதுபவர்கள் ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ், கார்ட்ரிட்ஜின் எடை, கம்ப்ளையன்ஸ் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள், கம்ப்ளையன்ஸ் எந்த ஹெர்ட்ஸில் அளந்தது என்பதையும். அன்றைக்கே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.