பெரிய ஃபியூஸ் போட்டால் போர்டு சரியாகாது

"பவர் சப்ளை போர்டில் ஃபியூஸ் அடிக்கடி போகுதா, 3.15 ஆம்பியருக்குப் பதிலா 10 ஆம்பியர் போடுங்க, இல்லைன்னா செம்புக் கம்பியைச் சுத்துங்க" என்று ஒரு செய்தி எங்கள் பல்லடம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிகிறதென்றால் அதற்குப் பின்னால் ஏதோ ஷார்ட் ஆகி அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறது, பெரும்பாலும் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டையோடு, வேகமாகச் சுவிட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட், அல்லது வோல்டேஜ் எகிறும்போது போர்டைக் காக்கப் போய் அடிவாங்கும் எம்ஓவி என்ற பாகம். ஃபியூஸின் கண்ணாடி உள்ளே கருத்திருந்தால் ஷார்ட் பலமானது. அங்கே கம்பியைச் சுற்றினால் ஃபியூஸுக்குப் பதில் போர்டின் செம்புத் தடம் எரியும், பஞ்சுத்தூசி படிந்த தறிக்கூடத்தில் ஒரு பொறி போதாதா?

சரி, பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், அதை ரெசிஸ்டர் வைத்து இறக்காமல் கை வைக்காதீர்கள். மல்டிமீட்டரில் ஷார்ட்டான பாகத்தைக் கண்டுபிடித்து மாற்றி, லைனில் ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் போகவில்லை, ஒரு நொடி மின்னி மங்கினால் ஓரளவு நம்பலாம். அப்புறம் அதே அளவு ஃபியூஸ்தான், அதன் மூடியில் 'T' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் மெதுவாக எரியும் ஸ்லோ புளோ வகையே வேண்டும், ஏனென்றால் வேகமாக எரியும் வகையைப் போட்டால் நல்ல போர்டிலும் சுவிட்ச் போட்டவுடன் போகலாம்.