அது மலச்சிக்கல் இல்லை, பெரியம்மா

என் தங்கைக்கு 27 வாரத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. 840 கிராம். ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைவிட இலேசு.

ஐந்தாம் நாள் அவன் வயிறு உப்பிப் பளபளத்தது. குழாய் வழியாக இரைப்பையிலிருந்து எடுத்த நீர் பச்சையாக வந்தது. டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தமிழில் போடுவது தாய்மாமன் என் வேலை. அவசரத்தில் "புள்ளைக்கு மோஷன் போகல" என்று போட்டுவிட்டேன்.

என் தப்புதான். அரை மணி நேரத்தில் வைத்தியம் குவிந்தது. திராட்சை ஊறிய தண்ணீர், கிரைப் வாட்டர், எண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பு. இங்கே சிங்கப்பூரில், ஈசூனிலிருந்து பெரியம்மா கைப்பையில் விளக்கெண்ணெய்ப் புட்டியோடு எம்ஆர்டி ரயில் ஏறி வந்தேவிட்டார்.

மலச்சிக்கல் என்று சொன்னாலே நமக்குக் கை பரபரக்கிறது. ஆனால் இது குடல் அடைப்பு. உணவை வரிசையாகத் தள்ளிக்கொண்டு போகும் அசைவு குடலுக்குக் கைகூடுவதே 34 வார வாக்கில்தான். அதற்கு முன்பே பிறந்த பிள்ளையின் குடலில் காட்டுப்பீ (பிறந்த பிள்ளையின் முதல் மலம்) பசைபோல் ஒட்டி அடைத்துக்கொள்ளும். மேலிருந்து எதை ஊற்றினாலும் அடைப்புக்குப் பின்னால்தான் சேரும். குடல் ஓட்டையாகிவிட்டால் கத்திதான். பச்சிளம் பிள்ளை பச்சையாக வாந்தி எடுத்தால், நிறைமாதப் பிள்ளையே ஆனாலும், வீட்டு வைத்தியம் பார்க்கும் நேரமில்லை அது.

இதைவிட எனக்குக் கோபம் வந்தது ஒரு குரல்பதிவில். "மாசமா இருக்கறப்ப ஒழுங்கா தண்ணி குடிச்சிருந்தா இப்டி ஆகுமா?" தங்கைக்குக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் எகிறியது. நஞ்சுக்கொடி வழியாக ரத்தம் குறைந்தால் கரு மூளையைக் காப்பாற்றத்தான் முதலில் பார்க்கும்; குடலுக்குப் போகும் பங்கு குறையும். இதில் அவள் குடித்த தண்ணீருக்கு என்ன வேலை? தையல் ஆறாத வயிற்றோடு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கறந்து புட்டியில் தேதி எழுதிக்கொண்டிருந்தவள் அவள். அடைப்பு தீரும்வரை அதில் ஒரு சொட்டுகூடப் பிள்ளைக்குக் கொடுக்க முடியவில்லை. எல்லாம் ஃப்ரீசரில் கிடந்தது. பேசியவர் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

(அவளுக்குப் பால் குறைந்த நாளில் தானப் பால் பேச்சு வந்தபோதும் "ஊரான் பாலா?" என்று ஒரு முகச்சுளிப்பு. கேகே மருத்துவமனையில் 2017 முதல் தாய்ப்பால் வங்கி இருக்கிறது, பதப்படுத்தித்தான் தருகிறார்கள். தாய்ப்பால் குடித்தால் குறைமாதப் பிள்ளைகளுக்குக் குடல் அழுகும் நோய் வரும் ஆபத்து குறைகிறது. செவிலித்தாய் என்ற சொல்லை வைத்திருக்கும் நமக்கு இதில் என்ன கூச்சம்?)

பின்வழியாக ஒரு மருந்துநீரை மெல்ல ஏற்றி எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். அது குடலுக்குள் ஈரத்தை இழுத்துக் கெட்டியை இளக்குமாம். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் இரண்டாம் தடவை. அதற்கடுத்த நாள் விடிகாலை நான்கு மணிக்குத் தங்கை ஒரு படம் அனுப்பினாள்: விரல் நீள டயப்பரில் கரும்பச்சைக் கயிறுபோல ஒன்று. குழுவில் அதற்கு விழுந்த இதயங்கள் என் கல்யாணப் படத்துக்குக்கூட விழவில்லை.

இந்த முறை யோசித்துத்தான் எழுதினேன்: "குடல் அடைப்பு விட்டுடுச்சு."

அந்தப் புட்டியைப் பற்றி இப்போது கேட்டால், அது தன் மூட்டுவலிக்கு வாங்கியது என்கிறார் பெரியம்மா.