‘சி’ கோடு வந்தால் மட்டும் போதாது

தம்பி, டெங்கு ரெஸ்ட் கிட்டில் ‘சி’ கோடு (கட்டுப்பாட்டுக் கோடு) வந்தால் முடிவு சரி, தனியாகக் கட்டுப்பாட்டுச் சீரம் (கிட்டையே சோதித்துப் பார்க்க உதவும் இரத்தத் தெளிநீர்) வாங்குவது வீண் செலவு என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. திரவம் பட்டை வழியே ஓடியது, சாயம் வேலை செய்கிறது என்பதைத்தான் அந்தக் கோடு காட்டும். பல கிட்களில் இரத்தமே விடாமல் கிட்டோடு வரும் பஃபர் திரவத்தை மட்டும் விட்டாலும் அது வந்துவிடும்! நோயாளியின் பிறபொருளெதிரியை (நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதத்தை) பிடிக்க வேண்டிய மற்றக் கோடு பழுதாகியிருந்தால் ‘சி’ கோடு அதைக் காட்டாது.

அந்தப் பழுதைக் கண்டுபிடிக்கத்தான் முடிவு முன்பே தெரிந்த பொசிட்டிவ், நெகட்டிவ் சீரங்கள். பொசிட்டிவ் சீரம் பலவீனமானதாக இருக்க வேண்டும். வலுவானது, பாதி கெட்ட கிட்டிலும் பளிச்சென்று கோடு காட்டிவிடும். கிட் கெடுவதற்கு வெப்பமும் ஒரு காரணம்: பெரும்பாலான கிட்களை 30 பாகை செல்சியஸுக்குள் வைக்கச் சொல்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கோடையில் ஏசி இல்லாத அறை எப்படிக் கொதிக்கும் என்று சொல்லவே தேவையில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் இந்தச் சீரங்களை ஓட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. கிட்டில் புது லொட் (தயாரிப்புத் தொகுதி) வந்தால், பெட்டி வெயிலில் கிடந்தால் ஓட்டுங்கள். அப்புறம், சீரத்தைச் சிறு குழாய்களில் பிரித்து உறைய வையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் அதுவே கெட்டுவிடும்.